வடுவும் மறுவும்

உடலின்மீது எஞ்சி நிற்கும் அடையாளங்களுக்குத் தமிழிற் பெயர்கள் பல உள. வடு, தழும்பு, மறு, கறை, மச்சம் என்பன அவற்றுட் சில. பேச்சு வழக்கில் இவை ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று எடுத்தாளப்படுவதை நாள்தோறும் கேட்கலாம். எனினும் சொற்கள் தம்முள் வேறுபாட்டை விடாது காத்து வந்துள்ளன. புண் ஆறியபின் எஞ்சுவது வடு. நிறத்தினால் மாத்திரம் வேறுபட்டுத் தோன்றுவது மறு. நிலவில் உள்ளது மறுவேயன்றி வடுவன்று. இவ்வேறுபாட்டைக் கொழும்பில் இரசாயனவியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், தமது நாற்பத்திரண்டாம் வயதில், எந்த நிகண்டின் துணையுமின்றித் தமது நாடியிலிருந்தே கற்றுக்கொள்ள நேர்ந்தது.

அவருக்குப் பத்தொன்பதாம் வயதிலிருந்து நாடியிலும் தாடையின் கீழும் தடித்த மயிர் வளரலாயிற்று. காரணம் அரியதன்று. 1935 ஆம் ஆண்டிலே சிக்காகோ நகரின் ஸ்ரைன், லெவெந்தால் என்னும் வைத்தியர் இருவர் விவரித்த சூலக நோய்நிலையே அது. ஆண்மை ஓமோன்களின் அளவு சற்று மிகுவதனால், பூனைமயிராய்க் கிடந்தவை கருத்துத் தடிக்கின்றன. உலகெங்கும் பெருந்தொகையான பெண்களுக்கு இஃது உண்டு. ஆனால் அதனைப் பேசுவோர் இல்லை. பாதாதிகேசமும் கேசாதிபாதமும் பாடிய புலவர்கள் நுதலையும் புருவத்தையும் கண்ணிமையையும் விடாது பாடினர். நாடியில் முளைத்த மயிரைப் பாடியவரில்லை. ஆகவே அவரும் பேசவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக, வைகறையில், வீட்டார் எழுமுன், யன்னலோரத்துக் கண்ணாடியின் முன் நின்று சாவணத்தினாற் பிடுங்கி வந்தார்.

பிடுங்குதலும் தீங்கற்றதன்று. பிடுங்கிய மயிர் மீள வளரும்போது சில வேளை தோலினுள்ளேயே வளைந்து, சிறு கட்டியாகிப் பழுத்து, ஆறும்போது கரும்புள்ளியை விட்டுச் செல்லும். இத்தகைய புள்ளிகள் அவரது நாடியில் முன்னரே பல இருந்தன. அவற்றை மறைப்பதற்காகப் பேசும்போது இடக்கையை நாடியில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு ஏற்பட்டது. அப்படியொரு பழக்கம் தமக்கு உண்டென்பதை அவர் அறிந்திருக்கவில்லை. ஆசிரியர் தின விழா ஒன்றில் மாணவியர் நாடகம் ஆடினர். அவரைப்போல் வேடமிட்ட மாணவி ஒரு கையால் வெண்கட்டி பிடித்து எழுதினாள். மறு கையால் நாடியை மூடிக்கொண்டாள். மண்டபம் முழுவதும் சிரித்தது. அவரும் சிரித்தார். அன்றிரவுதான் மயிரை நிரந்தரமாக நீக்கும் வழி யாது எனத் தேடத் தொடங்கினார்.

லேசர்க் கதிரை அவர் முதலில் எண்ணினார். அக்கதிர் மயிரிலுள்ள மெலனின் என்னும் நிறப்பொருளினால் உறிஞ்சப்பட்டு வெப்பமாகி வேரை அழிக்கின்றது. கரிய தோலில் அதே நிறப்பொருள் தோலிலும் நிறைந்திருத்தலால், கூடிய அலைநீளமுடைய கதிரைத் தேர்ந்து கவனத்துடன் கையாளாவிடில் தோலும் வெந்துபோதல் கூடும். தெற்காசியப் பெண்கள் சிலருக்கு முகத்தில் லேசர் பட்ட இடத்தைச் சூழ மயிர் குறையாது பெருகியமையும் மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளது. இவை யாவற்றுக்கும் மேலாக, நாற்பதைத் தாண்டிய அவரது நாடியிற் சில மயிர்கள் நரைத்துவிட்டன. நிறப்பொருளற்ற மயிரை லேசர் காணாது. நரைத்த மயிரையும் கரிய மயிரையும் ஒன்றாகவே மதிக்கும் முறை மின்பகுப்பு ஒன்றுதான்.

இம்முறை தோன்றியது அழகுக்காக அன்று. அமெரிக்காவின் சென். லூயிஸ் நகரிற் கண் வைத்தியராக விளங்கிய சார்ள்ஸ் மிச்செல் என்பார், உள்நோக்கி வளைந்து கண்மணியை உராயும் இமைமயிரை அகற்றும் பொருட்டு, மயிர் முளைக்கும் புடைப்பினுள் மெல்லிய ஊசியைச் செலுத்தி மின்னோட்டம் பாய்ச்சி, அதனை 1875 இல் வெளியிட்டார். சிறிது காலத்துள் அதே நகரின் தோல் வைத்தியர் ஹாடவே அதனைப் பெண்களின் முகத்துக்குப் பயன்படுத்தினார். 1924 இல் பிரான்சின் லியோன் நகரில் போர்டியே உயர் மீடிறன் மின்னோட்டத்தின் வெப்பத்தால் வேரை அழிக்கும் முறையைக் கொண்டுவந்தார். இவ்விரண்டையும் ஒருங்கிணைத்த கலப்பு முறைக்கு 1948 இல் அமெரிக்காவிற் காப்புரிமை வழங்கப்பட்டது.

இதற்கிடையில் எக்ஸ் கதிரினால் மயிர் நீக்கும் மோகமும் ஒருகாலத் தலைதூக்கியது. 1896 இல் வியன்னாவில் லியோப்போல்ட் பிரொயின்ட் ஒரு சிறுமியின் முதுகிலிருந்த மயிரடர்ந்த மறுவை அக்கதிரால் நீக்க முயன்றார். மயிர் உதிர்ந்தது, பின்னர் ஆறாப் புண் உண்டாயிற்று. அவ்வெச்சரிக்கை போதவில்லை. 1920களில் நியூயோர்க்கின் கைசர் என்னும் வைத்தியர் அமைத்த எக்ஸ் கதிர்ப் பெட்டியின் முன், அமெரிக்க அழகு நிலையங்களிற் பெண்கள் பலர் நோவின்றி அமர்ந்து எழுந்தனர். நோவின்மையே அவர்களை ஏமாற்றியது. ஆண்டுகள் சில சென்றபின் தோல் சுருங்கி, வெளிறி, புண்ணாகி, சிலருக்குப் புற்றுநோயும் வந்தது. முகத்து வடுவைப் பற்றிய அச்சம் வெறும் பெண்மனப் பேதைமை எனக் கூறுவோர் இவ்வரலாற்றை அறியாதவர்களே.

ஆசிரியையின் அச்சத்துக்கோ மேலும் அணுக்கமான காரணம் ஒன்று இருந்தது. அவருடைய தந்தையார் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஆனையிறவு உப்பைக் கரைத்து, அக்கரைசலின் ஊடாக மின்னைச் செலுத்தி, எரிசோடாவும் குளோரீனும் எடுத்த தொழிற்சாலை அது. 1980களிற் போரினால் மூடப்பட்டது. தந்தையாரின் வலது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, உருகி உறைந்த மெழுகைப்போல் மினுங்கும் தழும்பு ஒன்று இருந்தது. எரிசோடாக் கரைசல் தெறித்த இடம். அமிலம் சுட்டால் உடனே உறைக்கும். காரமோ தோலின் கொழுப்பைச் சவர்க்காரமாக்கி வழுவழுப்பாக உள்ளிறங்கும். "முதலிலை நோகவே இல்லைப் பிள்ளை, சவுக்காரம் மாதிரி வழுக்கினது" என அவர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர் மகள்.

அதே தாக்கந்தான் மயிரின் அடியிலும் நிகழ்கின்றது. தோலின் ஈரத்தில் உப்பும் நீரும் உண்டு. எதிர்மின்வாயாகிய ஊசியினருகில் நீர் பிரிந்து ஐதரசன் வாயு எழ, சோடியம் ஐதரொட்சைட்டு எஞ்சுகின்றது. அதுவே வேரைக் கரைக்கின்றது. நேர்மின்வாய் நோயாளியின் கையிற் கொடுக்கப்படும். இவ்விரண்டும் தவறி இடம் மாறுமாயின் உருக்கு ஊசியின் இரும்பு கரைந்து தோலிற் படிந்து, பச்சை குத்தியதுபோல் அழியாத கரும்புள்ளியாகும். க.பொ.த. உயர்தர மாணவருக்கு இருபது ஆண்டுகளாக மின்பகுப்பைக் கற்பித்தவர் கணக்குப் பார்க்காமல் இருப்பாரா? அரை மில்லியம்பியர் மின்னோட்டம் பத்துச் செக்கன் பாய்ந்தால், பரடேயின் விதிப்படி விளையும் எரிசோடா ஒரு கிராமின் ஐந்து இலட்சத்தில் ஒரு பங்கு மாத்திரமே. தந்தையாரின் கையிற் பட்டது ஒரு கோப்பை அளவு. இக்கணக்கு அவருக்குத் துணிவைத் தந்தது.

கணக்கிற் பிழையில்லை, பிழை ஊசி பிடித்த கையில் இருந்தது. 2022 ஆம் ஆண்டு பங்குனி மாதம். நாடு முழுவதும் நாளொன்றுக்கு ஏழு மணி நேரத்துக்கும் மேலாக மின் தடைப்பட்ட காலம். அவர் சென்ற நிலையத்தில் மின்சாரம் நிற்குமுன் வேலையை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். ஒரு மயிருக்கும் அடுத்த மயிருக்கும் இடைவெளி விடாமல், நாடியின் ஒரு பக்கத்தை ஒரே அமர்வில் முடித்தனர். அருகருகேயுள்ள புடைப்புகளை ஒரே நேரத்தில் தாக்கினால், ஒன்றின் வெப்பமும் காரமும் மற்றொன்றினதுடன் சேர்ந்து இடையிலுள்ள நல்ல இழையத்தையும் அழிக்கும். ஊசி வேர்வரை செல்லாது மேலேயே நின்றால் தோலின் மேற்பரப்பு வேகும். இரண்டும் நடந்தன. மூன்றாம் நாள் நாடியில் தேன்நிறப் பொருக்குகள் கட்டின. இரண்டு வாரத்தில் அவை உதிர்ந்தபோது, அவற்றின் இடத்தில் இருபத்துமூன்று அடையாளங்கள் இருந்தன.

எண்ணிக்கை அவருடையதே. பழைய ஆய்வுகூடக் குறிப்பேடு ஒன்றில் நாடியின் உருவத்தை வரைந்து, ஒவ்வோர் அடையாளத்துக்கும் இலக்கமிட்டு, திகதியிட்டார். அறிவியல் பயின்ற மனம் அச்சத்தைக் கையாளும் விதம் அது போலும். ஆனால் கண்ணாடியின் முன் நிற்கும் நேரம் மிகுந்தது. வகுப்பில் இடக்கை மீண்டும் நாடிக்குப் போயிற்று. இம்முறை அவர் அதை அறிந்தே செய்தார். முன்னர் மறைத்தது இயற்கை தந்ததை. இப்போது மறைப்பது தாமே காசு கொடுத்து வாங்கியதை. இவ்வெண்ணமே அவரை மிக வருத்தியது. தாயாரோ, "ஏன் பிள்ளை உந்த முகத்தைக் குத்துவிச்சனி? மயிர் எண்டால் ஆருக்கும் தெரியாமல் பிடுங்கியிருக்கலாம்" என்று ஒருமுறை சொன்னார், பின்னர் அப்பேச்சை எடுக்கவில்லை.

அயலிலிருந்த ஒருவர் வெண்மையாக்கும் களிம்பு ஒன்றைக் கொடுத்தனுப்பினார். உறையில் உட்பொருள் எதுவும் அச்சிடப்படவில்லை. இத்தகைய களிம்புகள் சிலவற்றிற் பாதரசச் சேர்மானமும், சிலவற்றில் வலிய ஸ்ரீரொயிட்டும் மறைந்திருப்பதுண்டு. பின்னையது சில வாரம் நிறத்தை வெளிறச் செய்து, பின் தோலை மெலிவித்து, குருதி நாளங்களை வெளித்தெரியச் செய்யும். அது மாத்திரமன்றி, பூசிய இடத்தில் மயிரையும் வளரச் செய்யும். மயிரை நீக்கப் போய் வந்த கறைக்கு, மயிரை வளர்க்கும் மருந்து! ஆசிரியை அதனை அலுமாரியின் மேல் வைத்துவிட்டார்.

இரண்டு மாதங்களின் பின் தோல் நோய் வைத்திய நிபுணர் ஒருவரைக் கண்டார். அவர் பெருக்காடியினாற் பார்த்தபின், "கண்ணை மூடிக்கொண்டு விரலாலை தடவிப் பாருங்கோ ரீச்சர். விரலுக்குத் தெரியிறதுதான் வடு. கண்ணுக்கு மட்டும் தெரியிறது நிறம்" என்றார். ஆசிரியை கண்ணை மூடித் தடவினார். விரல் நான்கு இடங்களில் மாத்திரமே தடுக்கிற்று. எஞ்சிய பத்தொன்பதும் மறுக்கள்.

இவ்வேறுபாடு பெரிது. தோலின் நிறக் கலங்களின் தொகை கரியவர்க்கும் வெளியவர்க்கும் ஏறத்தாழ ஒன்றே. அவை ஆக்கும் மெலனினின் அளவும் பரவும் விதமுமே வேறுபடுகின்றன. கரிய தோலில் அக்கலங்கள் எளிதிற் கிளர்பவை. சிறிது அழற்சி கண்டாலும் அவை மெலனினை மிகையாகச் சொரியும். மேற்றோலில் நிற்கும் மெலனின் கபில நிறமாய்த் தோன்றி, தோல் உதிர்ந்து புதுப்பிக்கும் போக்கிற் சில மாதங்களில் மங்கும். உட்டோலுக்கு நழுவியது சாம்பல் நீலமாய்த் தெரியும். அது நீங்க ஆண்டுகள் செல்லலாம். இரண்டுக்கும் வெயிலே பகை. வெளிய தோலினருக்கு எழுதப்பட்ட நூல்கள் சில நாட்சிவப்பைப் பற்றியே பேசுகின்றன. நமது நாட்டவரின் முகத்துக்கு உரிய காலக் கணக்கு நாளன்று, மாதம்.

வடுவின் கதை வேறு. புண் உண்டானதும் முதற் சில நாள் அழற்சி; வெண்குருதிக் கலங்கள் வந்து சிதைவை அகற்றும். அடுத்த சில வாரங்களிற் புதிய குருதி மயிர்த்துளைக் குழாய்களும், அவசரத்தில் முடைந்த பாயைப்போன்ற கொலாஜன் நார்களும் தோன்றும். பின்னர் ஓராண்டு வரையும் அதற்கு மேலும், உடல் அப்பாயைப் பிரித்துப் பிரித்து முடையும். முன்னைய நார்கள் அகற்றப்பட்டு வலியவை இடம்பெறும். எவ்வளவு முடைந்தாலும் ஆறிய தோல் பழைய வலிமையின் எண்பது வீதத்தைத் தாண்டுவதில்லை என்பர். ஆயினும் இரண்டாம் மாதத்தில் ஆழமாய்த் தெரியும் குழி பன்னிரண்டாம் மாதத்திலும் அப்படியே தெரியும் என்பதில்லை. சுற்றுப்புறம் வீங்கி நிற்பதாலும் குழி ஆழமாய்த் தோன்றுவதுண்டு. முகம் விரைவாக ஆறுவதற்கு நிறைந்த குருதியோட்டம் ஒரு காரணம். மயிர்ப் புடைப்புகள் நெருங்கியிருத்தல் மற்றொன்று. அப்புடைப்புகளில் உறையும் மூலக் கலங்கள் புண்ணை மூட மேலேறி வருகின்றன. அழிக்கப்படும் இனத்தைச் சேர்ந்தவையே அழிவைச் சீர்செய்ய வருவது விந்தைதான்.

வைத்தியர் கீலொயிட்டு என்னும் மிகைத்தழும்பைப் பற்றியும் விசாரித்தார். புண்ணின் எல்லையைக் கடந்து வளரும் அத்தழும்பு கரிய தோலினரிடம் அதிகம் காணப்படும். காதுச் சோணை, மார்பு, தோள், தாடையோரம் என்பன அதற்கு உகந்த இடங்கள். காது குத்திய இடமும் அம்மைப்பால் குத்திய இடமும் இயல்பாக ஆறியிருந்தமையால் அவ்வச்சம் குறைவு எனக் கண்டார். பின்னர் அவர் எழுதிய மருந்து ஒன்றே: வெயிலுக்குக் குடையும் களிம்பும். எழுதாது சொன்னது, ஓராண்டு பொறுத்திருக்க வேண்டும் என்பது.

ஓராண்டு பொறுத்தல் எளிதன்று. புறத்திணைப் பாடல்களை விரும்பிப் படிக்கும் பழக்கமுடைய ஆசிரியைக்கு, வெண்ணிப் பறந்தலையிற் கரிகாலனுடன் பொருது, முதுகிற் பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்த சேரமான் பெருஞ்சேரலாதன் அந்நாட்களில் அடிக்கடி நினைவுக்கு வந்தான். மார்பிற் பட்டிருந்தால் அதே புண் விழுப்புண் எனப் போற்றப்பட்டிருக்கும். வேல் ஒன்றே, தசை ஒன்றே, ஆறும் விதமும் ஒன்றே. இடம் மாறியதனால் ஒன்று புகழாகவும் மற்றது உயிரைத் துறக்கும் நாணமாகவும் ஆயின. தந்தையாரின் தழும்பை எவரும் குறையாகக் கண்டதில்லை. அது உழைப்பின் அடையாளமாக அயலிற் பெருமையுடன் பேசப்பட்டது. அவரது கைத்தழும்பில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத புள்ளிகளுக்காக, மகள் ஒரு திருமண வீட்டுக்குப் போகாதிருந்தார்.

2023 தை மாதத்தில் அவர் வேறொருவரிடம் மீண்டும் தொடங்கினார். மீளத் தொடங்கலாமா என்பதே உண்மையில் அவ்வாண்டின் பெரிய வினா. விட்டுவிட்டால் சாவணமும் கட்டிகளும் புதுப் புள்ளிகளும். தொடர்ந்தால் முன்னைய தவறு மீள நேருமோ என்ற அச்சம். வெள்ளவத்தையில் தமது வீட்டின் முன்னறையில் இத்தொழிலைச் செய்யும் வயதான பெண்மணி ஒருவர், முதல் நாளிற் காதின் கீழ் ஆறு மயிர்களை மாத்திரம் எடுத்தார். ஒன்றுக்கொன்று விரலகலம் இடைவெளி. நான்கு வாரம் கழித்து வரச் சொன்னார். மேற்பகுதி காப்பிடப்பட்டு நுனி மாத்திரம் மின் பாயும் ஊசி அவருடையது. மேற்றோல் வேகாதிருப்பதற்கான ஏற்பாடு. மயிர் சாவணத்தில் இழுபடாமல் வழுகி வந்தால்தான் வேர் அழிந்தது என்றும், இழுக்க வேண்டியிருந்தால் அது பிடுங்கல்தான் என்றும் அவர் விளக்கினார். மயிர்கள் யாவும் ஒரே பருவத்தில் வளர்வதில்லை. சில உறங்கும்போது சில வளரும். ஆதலால் ஒன்றரை இரண்டு ஆண்டுகள் தொடர வேண்டிய வேலை இது. ஓமோன் நிலை மாறாதவரை, இன்று பூனைமயிராயிருப்பது நாளை தடிக்கவும் கூடும்.

விடைபெறும்போதெல்லாம் அப்பெண்மணி சொன்னது ஒன்றே: "பொருக்கிலை கை வைக்காதையும் பிள்ளை. அது தானா விழோணும்." பொருக்கின் கீழ் புதுத் தோல் ஊர்ந்து மூடிக்கொண்டிருக்கின்றது, உரித்தாற் புண் மீளத் திறந்து, ஆழமாகி, வடுவாகும். ஊசி செய்யாத தீங்கை நகம் செய்யும். கறை போகட்டும் என்று மஞ்சளை அரைத்துப் பூசித் தேய்த்துக் கழுவும் வழக்கத்தையும் அவர் முதல் ஒரு வாரத்துக்குத் தடுத்தார். மஞ்சளிற் குற்றமில்லை, தேய்ப்பதிலேதான் குற்றம் என்பது அவர் கருத்து. ஆசிரியைக்கோ பொருக்கைத் தொடாதிருப்பது கடினமாயிருந்தது. விடைத்தாள் திருத்தும் வேளைகளில் இடக்கையிற் பருத்திக் கையுறை அணிந்துகொண்டார்.

குறிப்பேட்டின் கடைசிப் படம் 2024 ஆவணியில் வரையப்பட்டது. பத்தொன்பது மறுக்களில் இரண்டு எஞ்சியிருந்தன. இரண்டும் சாம்பல் நிறம். நான்கு வடுக்களில் இரண்டு விரலுக்கும் அகப்படவில்லை. ஒன்று பக்கவாட்டு வெளிச்சத்தில் மாத்திரம் தெரிந்தது. நான்காவது, இலக்கம் 11, இடப்பக்கத் தாடையின் கீழ், கடுகு ஒன்று அடங்கும் அளவான குழியாக அப்படியே நின்றது. புதிய அமர்வுகளால் வந்தவை எவையும் இரண்டு மாதத்துக்கு மேல் நிற்கவில்லை. அவ்வாண்டு உயர்தர வகுப்பில் மின்பகுப்புப் பாடம் வந்தபோது, கரும்பலகையில் உப்புக் கரைசற் கலத்தை வரைந்துவிட்டு அவர் திரும்பினார். எரிசோடா எங்கே உண்டாகும் என ஒரு மாணவி கேட்டாள். இரண்டு கையிலும் வெண்கட்டித் தூள். எதிர்மின்வாயைச் சுட்டிக் காட்டினார்.